நம்ம ஊரு ‘ஆட்டம்’: காஞ்சிபுரத்துல ஐப்பசியும் கார்த்திகையும்



அக்டோபர் பொறந்துட்டா போதும், இன்ஸ்டாவுல திரும்பின பக்கமெல்லாம் செவப்பு இலை. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, கையில பூசணிக்காய் காபி வெச்சுக்கிட்டு ஒருத்தர் நடந்து வருவாங்க. கீழ ‘ஆட்டம் வைப்ஸ்’னு ஒரு வரி இருக்கும். அதுக்கு லைக் போடற ஆளு எங்க இருக்கான்னு பாத்தா, நம்ம ஹாஸ்டல் வராண்டாவுல, மூணு நாளா காயாத ஜீன்ஸுக்குப் பக்கத்துல நின்னு மழையைத் திட்டிக்கிட்டு இருக்கான்.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு எல்.கே.ஜி.யிலயே நாலு சீசன் சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆட்டம்னா ஆரஞ்சு கலர் கிரேயான் எடுத்து மரத்துக்கு அடியில இலை வரையணும். தமிழ்ல ஆறு பருவம் இருக்குன்னு அப்புறம் படிச்சோம். ஆனா அது ரெண்டு மார்க் கேள்வியாவே நின்னுடுச்சு. ஜன்னலுக்கு வெளிய நடக்கறதுக்கும் அந்த ஆறு பேருக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தோணல.

அந்த சம்பந்தம் என்னன்னுதான் இந்தக் கட்டுரையில பாக்கப் போறோம். உலகத்துல பாதிப் பேர் ஆட்டம்னு சொல்ற அதே மாசங்கள்ல, நம்ம காஞ்சிபுரத்துல என்ன நடக்குது? காசு அதிகம் செலவாகாத என்னென்ன சந்தோஷங்கள் இருக்கு? அதெல்லாம் ஏன் சரியா இந்த நேரத்துல வருது? முக்கியமா, அந்த சந்தோஷத்துக்குப் பின்னாடி யாரோட வேலை இருக்கு?

இங்க ஏன் இலை உதிரல?

முதல்ல கொஞ்சம் சயின்ஸ். குளிர் நாடுகள்ல செப்டம்பருக்கு அப்புறம் பகல் வேகமா சுருங்கும். லண்டன்ல வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மணி நேரம். வெளிச்சமும் போகுது, குளிரும் வருது, இலையை வெச்சுக் காப்பாத்தறது மரத்துக்கு நஷ்டம். அதனால பச்சையத்தை உடைச்சு, இலையில இருக்கற சத்தை உள்ள இழுத்துக்கும். பச்சை போனதும் அதுவரைக்கும் மறைஞ்சிருந்த மஞ்சள் தெரியும். அப்புறம் இலையைக் கழட்டி விட்டுடும்.

காஞ்சிபுரம் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. இங்க அந்தப் பகல் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நம்ம மரத்துக்கு வெளிச்சம் பிரச்சனையே இல்ல, தண்ணிதான் பிரச்சனை. அதனால நம்ம வேப்பமரமும் அரச மரமும் இலை கொட்டறது மழையெல்லாம் முடிஞ்சு மண்ணு காஞ்ச பிறகு, மாசி பங்குனியில. ‘இலையுதிர்காலம்’ங்கற வார்த்தையை அக்டோபர் மேல ஒட்டினா, நம்ம ஊருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

தமிழ்க் கணக்குப்படி ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர் காலம். அதாவது அக்டோபர் பாதியில இருந்து டிசம்பர் பாதி வரைக்கும். கூதிர்னா குளிர்ந்த காத்து. பேரு வெச்சவங்க மரத்தைப் பாத்து வெக்கல, உடம்புல பட்ட காத்தை வெச்சு வெச்சிருக்காங்க. 

அந்தக் காத்துக்கும் காரணம் இருக்கு. சூரியன் தெற்கே நகர்ந்ததும் வடக்கே நிலம் குளிர ஆரம்பிக்கும், அங்க காத்தழுத்தம் கூடும். ஜூன்ல இருந்து தென்மேற்கா வீசின காத்து திசை மாறி வடகிழக்குல இருந்து வரும். வர்ற வழியில வங்கக்கடல் மேல ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து நம்ம கரையில கொட்டும். தென்மேற்குப் பருவமழையில மேற்குத் தொடர்ச்சி மலை பாதியைத் தடுத்துடுது, அதனால கேரளா நனையும்போது நாம வேர்வையில நனைவோம். நம்ம முறை ஐப்பசியில வருது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தமிழ்நாட்டுக்குச் சராசரியா 44 செ.மீ. மழை. வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ன்னு ஆயா சொன்னதெல்லாம் வானிலை ஆய்வு மையம் சொல்ற அதே விஷயம்தான்.

கொலு: மழைக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை

கூதிர் காலத்துக்கு வாசல் மாதிரி வர்றது நவராத்திரி. காமாட்சி அம்மன் கோயில்ல ஒன்பது நாளும் கூட்டம். தெருவுல வீட்டுக்கு வீடு கொலு. 

தமிழ்நாட்டுல பல ஊருக்குக் கொலு பொம்மை போறது நம்ம ஊர் பொம்மைக்காரத் தெருவுல இருந்துதான். சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனா, வீட்டுத் திண்ணையில, மாடியில, நடுக்கூடத்துல எல்லாம் பொம்மை காஞ்சுக்கிட்டு இருக்கும். களிமண்ணு இல்லேன்னா காகிதக் கூழ். அச்சு ரெண்டு பாதியா இருக்கும். ரெண்டு பாதியிலயும் அழுத்தி எடுத்து, ஒட்டி, காய வெச்சு, வெள்ளைப் பூச்சு அடிச்சு, மறுபடி காய வெச்சு, கடைசியில வர்ணம். கண்ணைத் திறக்கறது, அதாவது கண்ணு வரையறது, எல்லாத்துக்கும் கடைசி.

இதுல கவனிங்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ‘காய வெச்சு’ வருது. உள்ள ஈரம் இருக்கும்போதே மேல பூச்சு போட்டா விரிசல் விட்டுடும். மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கும், உள்பக்கம் சுருங்காது. அந்த இழுவிசையில வெடிக்கும். நம்ம மெட்டீரியல்ஸ் சயின்ஸ் புத்தகத்துல இருக்கற அதே கதை. அதனால வெயில் இருக்கற மாசங்கள் முழுக்க அவங்களுக்கு வேலை நேரம். ஆவணியில சாயங்கால மழை ஜாஸ்தியா பிடிச்சுக்கிச்சுன்னா அடுக்கி வெச்ச பொம்மையை எல்லாம் உள்ள தூக்கி ஓடணும். ஒன்பது நாள் படியில உக்காரப் போற செட்டியார் பொம்மைக்குப் பின்னாடி எத்தனையோ மாச வெயில் இருக்கு.

2019-ல அத்தி வரதர் 48 நாள் தரிசனம் நடந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னாடி 1979-ல எடுத்தாங்க. அந்த வருஷம் கொலுவுல எங்க பாத்தாலும் படுத்த கோலத்துல ஒரு அத்தி வரதர், பக்கத்துல நின்ன கோலத்துல இன்னொண்ணு. ஊருல என்ன நடந்தாலும் அது படிக்கு வந்துடும். 

கொலுவோட உண்மையான மஜா பொம்மை இல்ல, போய் வர்றதுதான். ஒன்பது நாள் சாயங்காலம் யார் வேணா யார் வீட்டுக்கும் போகலாம். ‘சும்மாதான் வந்தேன்’னு சொல்லக்கூட வேண்டாம். வருஷம் முழுக்க லிஃப்ட்ல தலையாட்டிட்டுப் போற ஆளோட வீட்டு ஹால்ல உக்காந்து சுண்டல் சாப்பிடலாம். ரூம்ல ஷூ டப்பா மூணு அடுக்கி, மேல வேட்டி போட்டு, இருக்கற பொம்மையை வெச்சாலும் கொலுதான். படி ஒத்தைப்படையா இருக்கணும், அவ்ளோதான் ரூல்.

மழை நாள் இட்லி

காஞ்சிபுரம் இட்லியை ஹோட்டல் மெனுவுல பாத்திருப்பீங்க. முந்திரி போட்டு, கேரட் துருவிப் போட்டு, குட்டியா வரும். அசல் அது இல்ல. வரதராஜப் பெருமாள் கோயில்ல நைவேத்தியம் ஆகறது குடலை இட்லி. மூங்கில் குடலைக்குள்ள மந்தாரை இலையை வெச்சு, மாவை ஊத்தி, ரொம்ப நேரம் ஆவியில வேக வெப்பாங்க. வெளிய எடுத்தா நீளமா, ஒரு ஆளோட கை அளவுக்கு இருக்கும். வெட்டித்தான் கொடுப்பாங்க.

மாவுல என்ன சேர்க்கறாங்கன்னு பாருங்க. சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, நெய். இதுல ஒண்ணுகூட அழகுக்குப் போட்டது இல்ல. இதெல்லாம் நம்ம வீட்டுல சளி பிடிச்சா தேடற டப்பாக்கள். அதே லிஸ்ட்டைக் கொஞ்சம் மாத்தி வெல்லம் போட்டுக் கிளறினா தீபாவளி லேகியம். மழையும் எண்ணெய்ப் பலகாரமும் ஒண்ணா வர்ற மாசத்துல வயித்தைக் காப்பாத்த நம்ம ஆளுங்க போட்ட பிளான் இது.

வீட்டுல செய்ய மூங்கில் குடலை தேவையில்ல. எங்க வீட்டு அளவு: பச்சரிசியும் உளுந்தும் சம அளவு, தனித்தனியா ஊற வெச்சு, கொஞ்சம் கொரகொரப்பா அரைச்சு, உப்பு போட்டுப் புளிக்க விடணும். ஒண்ணும் பாதியுமா தட்டின மிளகு சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய்யும் நல்லெண்ணெயும் கலந்து, எண்ணெய் தடவின ஸ்டீல் டம்ளர்ல முக்கால் அளவுக்கு ஊத்தி ஆவியில வெச்சா ஆச்சு. சாதாரண இட்லியை விட நேரம் ஜாஸ்தி எடுக்கும். ஏன்னா கனம் ஜாஸ்தி, சூடு நடுவுக்குப் போய்ச் சேரணும். குச்சி விட்டுப் பாருங்க, மாவு ஒட்டாம வந்தா வெந்துடுச்சு.

ஒரு டிப். மழை நாள்ல ராத்திரி அரைச்ச மாவு காலையில பொங்கலைன்னு பதற வேண்டாம். மாவைப் பொங்க வைக்கறது லியுகோனோஸ்டாக் மாதிரியான பாக்டீரியா விடற கார்பன் டை ஆக்ஸைடு. அதுங்களுக்குக் கதகதப்பு பிடிக்கும். குளிர்ந்தா வேலை மெதுவா நடக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க, இல்ல பாத்திரத்தைச் சமைச்சு முடிச்ச அடுப்புக்குப் பக்கத்துல வையுங்க. ஐப்பசியில இட்லி மாவும் நம்ம மாதிரிதான், காலையில எழுந்திருக்க லேட்டாகும்.

தறிக்கு மழை என்ன பண்ணும்?

இப்ப கொஞ்சம் சீரியஸான பகுதி. கலெக்டர் லீவு விட்டாரான்னு நாம காலையில அஞ்சு மணிக்கு நியூஸ் பாத்துக்கிட்டு இருப்போம். அதே நேரத்துல நம்ம ஊர்ல பல வீட்டுல சொம்பு வெச்சுத் தண்ணி இறைச்சுக்கிட்டு இருப்பாங்க. தறிக்குழியில இருந்து.

காஞ்சிபுரத்துல பாரம்பரியத் தறி குழித்தறி. நெய்யறவர் தரை மட்டத்துல உக்காருவார், காலு குழிக்குள்ள இருக்கும், மிதிக்கட்டை அங்கதான் இருக்கு. வெயில் காலத்துல இந்தக் குழி நல்லது. மண்ணுல இருந்து வர்ற குளுமை நூலை வறள விடாது, இழை அறுந்து போறது குறையும். ஆனா அடைமழையில நிலத்தடி நீர் மேல வந்தா அதே குழியில தண்ணி ஊறும். 

பட்டு ஈரத்தை இழுக்கற நார். சாதாரண அறைக் காத்துலயே அதோட எடையில 11 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும்னுதான் டெக்ஸ்டைல் கணக்கு. ஈரம் ஏற ஏற இன்னும் குடிக்கும். கையில தொட்டா ஈரமே தெரியாது, ஆனா இழை தளரும், பலம் குறையும். பாவு ஒரே இழுவிசையில நிக்கணும். அது தளர்ந்தா நெசவு ஒரு இடத்துல இறுக்கமா, ஒரு இடத்துல லூசா விழும். மரச்சட்டம் ஊறி உப்பும். டிசைன் துளை போட்ட ஜக்கார்டு அட்டை ஈரத்துல வளையும்.

தெருவுல பாவு போடறது இன்னொரு பிரச்சனை. விடிகாலையில பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை பிரிச்சுக் காய வைக்கறதைப் பாத்திருப்பீங்க. வண்டியில போறவங்ககூட ஒதுங்கித்தான் போகணும். கூரை கிடையாது, வானம் தெளிவா இருந்தாத்தான் நடக்கும். ஒரு வாரம் விடாம மழை பேஞ்சா அந்த வாரம் பாவு இல்ல. பாவு இல்லேன்னா தறி இல்ல.

நெசவுல மாசச் சம்பளம் கிடையாது, சேலைக்குத்தான் கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். நடுவுல அஞ்சு நாள் தறி நின்னா கூலி குறையறது இல்ல, தள்ளிப் போகுது. அதுக்குள்ள வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் தள்ளிப் போகாது. எங்க எதிர் வீட்டு மாமா தறி வெச்சிருக்கார். மழை வந்தா நான் ஜன்னல் பக்கம் சேர் போட்டு உக்காருவேன், அவர் வாசப்படியில நின்னு மேகத்தைப் பாப்பார். மழை ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேரும் பாக்கறது வேற வேற.

அதுக்காக அந்த வீட்டுல மழை நாள்னா சோகம்னு நினைச்சுக்காதீங்க. தறி ஓடாத நேரத்துல தார் சுத்துவாங்க. ஊடை நூலைச் சின்னக் குழல்ல ராட்டை வெச்சுச் சுத்தற வேலை. குடும்பம் மொத்தமும் கூடத்துல உக்காந்து, டிவியில பழைய படம் ஓட, சுக்குக் காபியும் அவிச்ச வேர்க்கடலையும் சுத்தி வர, வேலையும் ஓடும் பேச்சும் ஓடும். பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து உக்காருவாங்க. குழி இல்லாத வீட்டுக்காரங்க நூல் மூட்டையை வாங்கிப் பத்திரமா வெச்சுக் கொடுப்பாங்க. ஆட்டம் வைப்ஸ்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் காட்டறது அந்தக் கூடத்தைத்தான்.

ஏரி கோடி போகுதாம்!

கார்த்திகையில ஒருநாள் யாராவது ஒருத்தர் வந்து சொல்லுவாங்க: ஏரி கோடி போகுதாம்! அவ்ளோதான், பைக்கை எடுத்துக்கிட்டு பாதி ஊரு கிளம்பிடும். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணி கலங்கல் மேல வழிஞ்சு ஓடறதுக்குத்தான் கோடி போறதுன்னு பேரு. டிக்கெட் இல்லாத பொழுதுபோக்கு. அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாங்க, பெரியவங்க கரையில நின்னு எந்த வருஷம் இதைவிட ஜாஸ்தி போச்சுன்னு விவாதம் பண்ணுவாங்க.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம்னு பேரு. நமக்குப் பாலாறு இருந்தாலும் வருஷம் முழுக்கத் தண்ணி ஓடாது. மூணு மாசத்துல கொட்டற மழையைப் பிடிச்சு வெச்சாத்தான் மீதி ஒன்பது மாசம். அதனால பல்லவர் காலத்துல இருந்தே இங்க ஏரி வெட்டியிருக்காங்க. ஒரு ஏரி நிரம்பினா அதோட கோடித் தண்ணி அடுத்த ஏரிக்குப் போற மாதிரி சங்கிலித் தொடரா அமைச்சிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா ஓவர்ஃப்ளோவை வேஸ்ட் பண்ணாத டிசைன்.

அதைப் பராமரிக்கவும் ஆளு வெச்சிருந்தாங்க. காஞ்சிபுரத்துல இருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919, 921-ஆம் வருஷங்கள்ல வெட்டினது. குடவோலை முறைக்காக அது ஃபேமஸ். அந்தக் குடவோலையில தேர்ந்தெடுத்த குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஆறு பேர், ஒரு வருஷப் பதவி, ஏரியைப் பாத்துக்கறது வேலை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஊருக்கு ஊரு கோடி போறதைப் பாக்கப் போன கூட்டத்துல அந்த ஆறு பேரும் கண்டிப்பா நின்னிருப்பாங்க, கொஞ்சம் டென்ஷனோட.

இப்பவும் ஏரி கரைக்கு ஆபத்து வராம, வரத்துக் கால்வாய் அடைபடாம இருந்தாத்தான் இந்த வேடிக்கை. பிளாஸ்டிக்கும் கட்டடமும் கால்வாயை அடைச்சா அதே தண்ணி தெருவுக்கு வரும், முதல்ல தறிக்குழிக்குத்தான் வரும். இன்னொண்ணு, பாக்கப் போறவங்க கரையிலயே நில்லுங்க. கலங்கல் மேல பாசி இருக்கும், முழங்கால் தண்ணியே ஆளை இழுத்துடும். ரீல்ஸுக்காக உள்ள இறங்க வேண்டாம்.

ஒரு நாள் லீவு கிடைச்சா வேடந்தாங்கல் போங்க. ஏரி நிரம்பினதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் தண்ணியில நிக்கற மரங்கள்ல வந்து கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கறது அந்த ஊர்க்காரங்களுக்குத் தலைமுறை தலைமுறையாத் தெரியும். அதனால பறவைங்களைச் சுடக்கூடாதுன்னு 1798-லயே அப்போதைய கலெக்டர்கிட்ட கேட்டு வாங்கியிருக்காங்க. இன்னிக்கும் பறவைங்க மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. 2022-ல வேடந்தாங்கலும் பக்கத்துல இருக்கற கரிக்கிலியும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்துடுச்சு. அந்த ஊர்ப் பசங்களுக்குத் தீபாவளி சத்தம்னா நாரைக் குஞ்சு கத்தறதுதான்.

கார்த்திகை: விளக்கும் மாவளியும்

தீபாவளி முடிஞ்சு சில வாரத்துல இன்னொரு விளக்குப் பண்டிகை வருது. தீபாவளிக்குப் புதுத்துணி, வெடின்னு பட்ஜெட் எகிறும். கார்த்திகைக்கு அகல், எண்ணெய், திரி, கொஞ்சம் பொரி, வெல்லம். அவ்ளோதான்.

தூப்புல் பக்கம் விளக்கொளிப் பெருமாள்னு ஒரு கோயிலே இருக்கற ஊரு நம்மளோடது. வேதாந்த தேசிகர் பொறந்த இடம் அது. ஆனா கார்த்திகையில நான் எல்லாரையும் கூட்டிட்டுப் போற இடம் கச்சபேஸ்வரர் கோயில். கார்த்திகை மாச ஞாயித்துக்கிழமைகள்ல அங்க கடை ஞாயிறு விழா. தலைவலி மாதிரி தலை சம்பந்தப்பட்ட தொந்தரவு தீரணும்னு வேண்டிக்கிட்டவங்க புது மண் சட்டியில மாவிளக்கு ஏத்தி, அதைத் தலையில வெச்சுக்கிட்டு கோயிலைச் சுத்தி வருவாங்க. மண்டை விளக்குன்னு பேரு. இருட்டின நேரத்துல ஒரு வரிசையா வெளிச்சம் ஆள் உயரத்துல நகர்ந்து வர்றதைப் பாக்கணும். சட்டி செய்யற குயவருக்கும், மாவு இடிக்கறவங்களுக்கும், வாசல்ல கடை போடறவங்களுக்கும் அந்த ஞாயித்துக்கிழமைகள் முக்கியம்.

தீபத்தன்னிக்கு சாயங்காலம் கோயில் வாசல்ல சொக்கப்பனை கொளுத்துவாங்க. பனை மரத் துண்டை நட்டு, சுத்திக் காஞ்ச ஓலையைக் கட்டி, ஒரே மூச்சுல எரிய விடறது. 

எனக்குப் பிடிச்சது மாவளி. சிட்டிப் பசங்க பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆண் பனையோட பூங்கதிரைக் காய வெச்சு, குழியில போட்டுக் கொளுத்தி, முழுசா எரிஞ்சு சாம்பலாகறதுக்குள்ள மூடிடணும். காத்து இல்லாம அது கரியாகும். அந்தக் கரியை நைசா இடிச்சு, துணியில இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவுல வெச்சுக் கட்டி, கயிறு கோத்து, நுனியில நெருப்பு வெச்சுத் தலைக்கு மேல சுத்துவாங்க. பொறிப் பொறியா வட்டமா கொட்டும். 

இதுல நாலு வருஷ சிலபஸ் இருக்கு. காத்தை அடைச்சு எரிச்சா கரி கிடைக்கும்ங்கறது கெமிஸ்ட்ரி. தூளாக்கினா மேற்பரப்பு கூடும், சீக்கிரம் பத்தும். வேகமாச் சுத்தினா புதுக் காத்து கிடைச்சுக்கிட்டே இருக்கும், அதனால அணையாது. பொறி விடுபட்டதும் தொடுகோட்டுத் திசையில பறக்கும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், புகை கொஞ்சம், சத்தம் சுத்தமா இல்ல. பண்ணத் தெரிஞ்சவங்க கிராமத்துப் பக்கம் இன்னும் இருக்காங்க. ஆனா பனை குறைஞ்சா கதிரும் குறையும், கத்துக்க ஆளு இல்லேன்னா கை பழக்கமும் போயிடும். யூடியூப் பாத்து பண்றதை விட, தெரிஞ்ச தாத்தா யாராவது பக்கத்துல நிக்கும்போது பண்ணுங்க. நெருப்பு விஷயம்.

அப்ப நாம என்ன பண்ணலாம்?

மேல சொன்ன எல்லாத்துலயும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. தனியா ஒருத்தரால இதுல எதையுமே முழுசா அனுபவிக்க முடியாது. கொலுவுக்கு வர்றவங்க வேணும். குடலை இட்லியை வெட்டினா பங்கு போட ஆளு வேணும். மாவளி சுத்தறவனைச் சுத்தி நின்னு கத்தறதுக்கு பசங்க வேணும். அதனாலதான் செலவு கம்மி. அதனாலேயே சீக்கிரம் காணாமப் போகவும் வாய்ப்பு இருக்கு. பூசணிக்காய் காபிக்குக் கடை இருந்தாப் போதும், இதுக்கு மனுஷங்க வேணும்.

இந்த சீசனுக்கு ஒரு குட்டி லிஸ்ட்:

1. கொலு பொம்மை ஒண்ணு வாங்கறதா இருந்தா பொம்மைக்காரத் தெருவுக்கே போய் வாங்குங்க. பேரம் பேசறதுக்கு முன்னாடி அது எத்தனை தடவை காஞ்சுதுன்னு கேளுங்க.

2. ஹாஸ்டல்ல இருக்கற வெளியூர் ஃபிரெண்டை ஒரு மழை நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் டம்ளர் இட்லி போடுங்க. 

3. உங்க தெருவுல தறி இருந்தா, கனமழை வந்த மறுநாள் காலையில ஒரு தடவை எட்டிப் பாருங்க. சின்ன மோட்டார் பம்பு ஒண்ணு தெருவுக்குப் பொதுவா இருந்தா எத்தனை குழி சீக்கிரம் காயும்னு யோசிங்க. மெக்கானிக்கல், ட்ரிப்பிள் ஈ மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லேன்னு அலையற நேரத்துல, குழியில தண்ணி ஏறினா சத்தம் போடற ஒரு சென்சார், தானா ஓடற ஒரு குட்டி பம்பு, அவ்ளோதான் கேக்கறேன். 

4. கடை ஞாயிறு ஒரு தடவையாவது போங்க. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க, அவங்க வேண்டுதல்ல இருக்காங்க.

5. ஏரி கோடி போனா வீட்டுப் பெரியவங்களையும் பைக்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. அவங்க சொல்ற பழைய வெள்ளக் கதைக்கு கூகுள்ல லிங்க் கிடையாது.

செமஸ்டர் பரீட்சையும் இதே மாசங்கள்லதான் வரும், தெரியும். அரியர் இருக்கறவங்க ரெண்டு ஞாயிறு மட்டும் ஒதுக்கினாப் போதும். என்னோட பேட்ச் மக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அடுத்த ஐப்பசியில நம்மள்ல முக்கால்வாசிப் பேர் பெங்களூர்லயோ புனேவுலயோ ஏசி ரூம்ல இருப்போம். அங்கயும் மழை பெய்யும். ஆனா வாசப்படியில நின்னு மேகத்தைப் பாக்கற எதிர் வீட்டு மாமா இருக்க மாட்டார். இந்த வருஷம் அவரு பக்கத்துல போய் நின்னு, தறி ஓடுதான்னு கேட்டுட்டு வாங்க.